காருக்கு அடியில் ஒரு குங்குமப் பொட்டு

தம்பி,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். மூன்றும் காருக்குப் போடுகிற டிஃபரன்ஷியல். கீழே ஒரே வரி: "எதும்மா எடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க லா." கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் வேட்டிக் கரை எந்த நிறம், விருந்தில் எத்தனை பொரியல் என்று கேட்பார்கள். இவன் என்னடாவென்றால் பின் சக்கரங்களுக்கு நடுவில் எதைப் பூட்டுவது என்று பெற்ற தாயைக் கேட்கிறான் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "ஒன்னக் கேக்காம வேற யாரக் கேப்பான்?" என்றார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. குளுவாங்கில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். அந்தக் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நீ.

வாட்சாப்பிலேயே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். குரல் பதிவு போட்டேன், அழித்தேன். மறுபடியும் போட்டேன், மறுபடியும் அழித்தேன். நான் சொல்ல வேண்டியது அதில் அடங்குகிற சங்கதி இல்லை. அதனால்தான் தாளும் பேனாவும். உன் கேள்விக்குப் பதில் சொல்லும் முன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீயும் முரளியும் முகம் கொடுத்துப் பேசி எட்டு மாதம் ஆகிறது. பாலர் பள்ளியிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். உன் கல்யாணத்துக்கு அவன் தோழனாக நிற்பான் என்று பத்து வயதிலேயே பேசிவைத்தவர்கள். இப்போது அழைப்புப் பட்டியலில் அவன் பெயர்கூட இல்லை. இதற்குக் காரணம் முரளி இல்லை தம்பி, நான். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு, பாதியில் போனைத் தூக்காதே.

இந்தக் கடிதத்தை உனக்கு மனைவியாக வரப்போகிற தர்ஷினியிடமும் காட்டு. உனக்குத் தெரிந்ததையும் நான் விளக்கமாக எழுதுவது அவளுக்காகத்தான். கார் ஒரு மூலையில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் கொஞ்ச தூரம் போதும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். கடையில் நாங்கள் சுருக்கமாக டிஃப் என்போம். சாதாரண டிஃப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே எஞ்சினின் சக்தி முழுவதையும் கொடுத்துவிடும். உன் அப்பா காஹாங்கில் செம்பனைக் குலை லாரி ஓட்டிய காலத்தில் மழை நாளில் இதைத் தினமும் பார்ப்போம். ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் அது மட்டும் சர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி அடிக்கும். கெட்டித் தரையில் நிற்கிற மற்ற சக்கரம் அசையாமல் வேடிக்கை பார்க்கும். அப்பா இறங்கிப் போய் அந்தச் சும்மா நிற்கிற சக்கரத்தை ஆளைத் திட்டுவதுபோலத் திட்டுவார். லிமிடெட் ஸ்லிப் டிஃப் இருந்தால் அந்தக் கூத்து நடக்காது, ஒரு சக்கரம் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்ற அது விடாது. இதைக் கல்யாணத்தோடு ஒப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர் அதையெல்லாம் பார்த்துக்கொள்வார்.

உன் காரில் முரளி பூட்டியது தட்டு வகை. லாயாங் லாயாங்கில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவன் வொர்க்‌ஷாப்பில் இரண்டு சனிக்கிழமை முழுக்க நீங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, மெல்லிய இரும்புத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொன்றாக அடுக்கினீர்கள். நான் மதியச் சாப்பாட்டுக்கு மீ கோரிங் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். நீ ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளும். பிரேக் போட்டுக்கொண்டு வளைவுக்குள் போகும்போதும் பாதி இறுக்கம் இருக்கும், அதனால் காரின் வால் ஒழுங்காகப் பின்னாலேயே வரும். உன்னைப்போல ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? தெருவில்தான் தொல்லை. மெதுவாக, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பினால் தட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். டொக் டொக் என்றும் கறகற என்றும் சத்தம் வரும். அது பழுது இல்லை, அதன் சுபாவம். முரளி அன்றைக்கே உன்னிடம் சொன்னான்: "டேய், கார் பார்க்ல சத்தம் போடும். போடலன்னாதான் நீ பயப்படணும்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

அப்புறம் தர்ஷினியின் அப்பா அம்மா மெர்சிங்கிலிருந்து நம் வீடு பார்க்க வந்தார்கள். சம்பந்தியைப் பற்றி எழுதுகிறேன், தர்ஷினி தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் சிலோன்காரர்கள், மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை. மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா, நிறுத்தி நிதானமாகப் பேச்சு. நாங்கள் தோட்டத்து ஆட்கள், நான் லயத்து வீட்டில் பிறந்தவள். தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி, வாசலுக்கு டைல்ஸ் போட்டு, குளிர்சாதனம் மாட்டினாலும் அப்படிப்பட்டவர்கள் படியேறும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அவர் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. என் உளுந்துவடையை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகலாம் என்று உன் காரில் கிளம்பினோம். அவர் முன்னால், நானும் சம்பந்தியம்மாவும் பின்னால். கோயில் வாசலில் அந்தக் குறுகலான கேட்டுக்குள் நீ ஸ்டியரிங்கை ஒடித்தாய். டொக், டொக், கறகற.

அவர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி சத்தம் இது? கார் பழுதோ?" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "இல்ல மாமா, இதோட டிசைனே அப்படித்தான்" என்றாய். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை ஏறிப் போற கார். ஒருக்கா நல்ல ஆளிட்டக் காட்டுங்கோ" என்றார். அவ்வளவுதான். பெண்ணைப் பெற்றவர் அதைக்கூடக் கேட்காமல் இருப்பாரா? நீ அதை அந்த நிமிஷமே மறந்துவிட்டாய். எனக்குத்தான் காதெல்லாம் சுட்டது. சாமி முன்னால் நின்றபோதுகூட என் காதில் அந்த டொக் டொக்தான் கேட்டது.

எனக்கு இது புது வியாதி இல்லை. நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது அப்பா ஒரு பழைய வேன் வைத்திருந்தாரே, சைலன்சர் ஓட்டையாகி மூன்று தெருவுக்குக் கேட்கும். அதில்தான் உன்னைப் பள்ளியில் விடுவார். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. அன்றிலிருந்து பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே வேனை நிறுத்தச் சொல்லி, உன்னைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். நீ கேட்டாய்: "ஏம்மா, அப்பா வேன் நல்லாத்தான ஓடுது?" நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். அப்பாவுக்குக் காரணம் தெரியும், ஒரு நாளும் கேட்டதில்லை. அவரிடம் இந்த வருஷம்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத இன்னுமா வெச்சிருக்க?" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு மெர்சிங் போக வேண்டிய வாரம். நீ சிங்கப்பூரில் வேலையில் இருந்தாய், கார் வழக்கம்போல நம் வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. கடையில் என் பழக்கம் உனக்குத் தெரியும். வருகிறவர் சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, "அக்கா, ஊபாட் இருக்கா?" என்று மலாய் வார்த்தையில்தான் மருந்து கேட்பார். கீச்சென்றால் ஒரு மருந்து, கொரகொர என்றால் ஒரு மருந்து, எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, சத்தம் என்றாலே எனக்குப் பாட்டில்தான் ஞாபகம் வரும். டிஃப்புக்கும் அப்படி ஒரு மருந்து உண்டு. தட்டுகளை வழுக்க வைக்கிற எண்ணெய். துளி ஊற்றினால் சத்தம் குறையும். நிறைய ஊற்றினால் தட்டுகள் பிடிக்கவே பிடிக்காது. பாட்டிலின் முதுகிலேயே எச்சரிக்கை இருக்கிறது, எத்தனையோ பேருக்கு நானே அதை விரல் வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா ஜாக் போட்டுத் தூக்கினார். "அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யேன்" என்றார். "வேல நேரத்துல அவன ஏன் தொந்தரவு பண்ணிக்கிட்டு, நீங்க சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அளவு பார்த்து ஊற்றினேன். அப்பா தெருமுனையில் ஒரு வட்டம் அடித்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்தது. கொஞ்சம்தானே, அதோடு விட்டிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய எண்ணெயில் கொஞ்சத்தை வடித்துவிட்டுப் பாட்டில் முழுவதையும் ஊற்றினேன். வியாழக்கிழமை இன்னொரு பாட்டில். அலமாக், சத்தம் சுத்தமாகப் போய்விட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! திருகாணியை இறுக்கினேன், துணியால் பெட்டியைத் துடைத்தேன், பூஜை அறைக்குப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தேன். இந்த வீட்டுக்குள் வந்த எதற்கு நான் பொட்டு வைக்காமல் விட்டேன்? உன் முதல் சைக்கிளுக்கு வைத்தேன், வாஷிங் மெஷினுக்கு வைத்தேன், உன் கம்ப்யூட்டருக்கு வைக்கப் போய் நீ கத்தினாய். அதே கை, அதே பழக்கம். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து டிஃப் பெட்டியில் ஒரு பொட்டு வைத்து, "முருகா, சனிக்கிழம சத்தம் வராமப் பாத்துக்கப்பா" என்று வேண்டிக்கொண்டேன்.

முருகன் பார்த்துக்கொண்டான். காஹாங் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் எவ்வளவு வளைவு, மெர்சிங் படகுத்துறைப் பக்கத்தில் சம்பந்தியையும் ஏற்றிக்கொண்டு நீ முழு வட்டம் அடித்துத் திருப்பினாயே, ஒரு சின்னச் சத்தம் இல்லை. சம்பந்தி உன் தோளில் தட்டி, "இப்ப நல்லா இருக்கு தம்பி" என்றார். உனக்கே ஆச்சரியம். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாய்: "தட்டெல்லாம் பழகிடுச்சு போலம்மா. முரளி சொன்னான், ஓட ஓட சத்தம் கொறையும்னு." நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "ஆமாவா?" என்றேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் டிராக்குக்குப் போவதாகச் சொன்னாய். சனிக்கிழமை நீ வாசலில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டு தடவை வெளியே வந்தேன், நினைவிருக்கிறதா? இரண்டாவது தடவை, "என்னம்மா?" என்று கேட்டாய். "தோச எத்தன?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். நாக்கு நுனியில் இருந்தது தம்பி. திட்டுவாய் என்று பயம், அதைவிட, கவுண்டரில் நின்று மருந்து விற்கிறவளே அளவு தெரியாமல் ஊற்றிவிட்டாள் என்று நீ சிரிப்பாய் என்று வெட்கம். ஒரு நாள் ஓட்டினால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து ஊற்றியது என் முட்டாள்தனம். அதைச் சொல்லாமல் உன்னை டிராக்குக்கு அனுப்பியதுதான் என் தப்பு.

மறுநாள் மதியம் நீ போன் செய்தாய். வேகமாக வந்து, பிரேக்கில் காலை வைத்தபடியே வளைவுக்குள் நுழைந்திருக்கிறாய், எப்போதும் செய்வதுதான். பிடிக்க வேண்டிய தட்டுகள் பிடிக்கவில்லை. வால் சுற்றிக்கொண்டு வந்து கார் டயர் சுவரில் பின்பக்கமாக மோதிவிட்டது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை, தோளில் பெல்ட் அழுத்திய சிவப்புக் கோடு மட்டும். நீ சட்டையைக் கழற்றி அதைக் காட்டியபோது நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கடவுள் எனக்குச் செய்த பெரிய உபகாரம், அந்தக் கோடு அதற்கு மேல் போகாமல் விட்டது. என் வெட்கத்துக்கு விலையாக உன்னைக் கொடுத்திருப்பேன்.

காரை அப்படியே லாயாங் லாயாங்குக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். வீட்டுக்கு வந்து நீதான் எல்லாம் சொன்னாய். "பழைய தட்டப் போட்டு என்ன ஏமாத்திட்டான்மா. மூஞ்சிக்கு நேரா கேட்டேன். காருக்கு அடியில போய்ப் பாத்தான், வெளிய வந்தான், துணியில கையத் தொடச்சான். ஒரு வார்த்த மறுத்துப் பேசலம்மா. 'சரிடா, வேற எடத்துல காட்டிக்கோ'ன்னான். அப்ப என்ன அர்த்தம்?" நான் உன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே நின்றேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். திறக்கவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று தள்ளினேன், அப்புறம் உன் கோபம் ஆறட்டும் என்று தள்ளினேன். கோபம் ஆறி வெறுப்பாகிவிட்டது. வேறு கடையில் காரைச் சரிசெய்து, பழைய சாதாரண டிஃப்பைப் பூட்டிக்கொண்டாய். முரளி கட்டிய டிஃப்பைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டாய். அப்புறம் நீ டிராக் பக்கமே போகவில்லை. "வயசாயிடுச்சும்மா, போதும்" என்றாய். முப்பத்தொரு வயது! ஓட்டத் தெரியாதவன் என்று உன்னை நீயே நினைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும், அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் என்னால் முடியவில்லை. போன வியாழக்கிழமை, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு, அப்பாவின் இப்போதைய வேனின் பின்னால் அந்தச் சாக்கு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, நானும் அப்பாவும் லாயாங் லாயாங்குக்குப் போனோம். முரளி ஒரு லாரிக்கு அடியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையெல்லாம் எண்ணெய் என்று முழங்கையால் நாற்காலியை நகர்த்திப் போட்டான். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை எல்லாம் மறந்துவிட்டு, "முரளி, அந்த டிஃப்ல நான்தான்டா..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு பாட்டில்தான ஆன்டி?" என்றான்.

அப்பாதான் சொல்லியிருப்பார் என்று திரும்பி அவரை முறைத்தேன். அவர் பாவம், தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். முரளி சிரித்துவிட்டான். "அங்கிள் ஒன்னும் சொல்லல. கொஞ்சம் எண்ணெய வடிச்சேன், மோந்து பாத்தேன், ரெண்டு பாட்டிலுக்கு ஊபாட் வாட. வேற யாரோ ஊத்திட்டாங்கன்னு நெனச்சிருப்பேன். ஆனா டிஃப்புக்குக் குங்குமம் வெக்கிற ஆளு இந்த ஜொகூர்லயே நீங்க ஒருத்தர்தான் ஆன்டி."

அன்றைக்குக் காருக்கு அடியில் போனவன் அந்தப் பொட்டைப் பார்த்திருக்கிறான். நீ பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, நீ குனிந்து பார்ப்பதற்குள் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறான். நீ சொன்னாயே, துணியில் கையைத் துடைத்தான் என்று, அந்தத் துணிதான்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன், அழுகையாக வந்தது. அவன் தலையைச் சொறிந்தான். "நிச்சயம் முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆச்சு ஆன்டி. சொன்னா அவன் ஒங்க மேல கத்துவான், அது அந்த வீடு வரைக்கும் போவும். என் மேல கத்துனா நான் கடையச் சாத்திட்டுத் தே தாரிக் குடிக்கப் போயிடுவேன். நீங்க எங்க போவீங்க?" அப்புறம், "ஏமாத்துனேன்னு சொன்னான் பாருங்க, அதுதான் கொஞ்சம் வலிச்சிச்சு" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி, எட்டு மாதம் அவன் அந்தப் பழியைச் சுமந்தது எனக்காக. உனக்குத் தெரிந்து, எனக்குத் தெரிந்து, எத்தனை கடைக்காரர்கள் அதைச் செய்வார்கள்? அவன் அப்போதே சாக்கைப் பிரித்து டிஃப்பைக் கழற்றி, தட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பி, கருவி வைத்து ஒவ்வொன்றாக அளந்து காட்டினான். எல்லாம் புதுத் தட்டு. தேய்மானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உன் ஓட்டத்திலும் பிழை இல்லை, அவன் வேலையிலும் பிழை இல்லை. இதை நான் எழுத்தில் கொடுக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், கவுண்டரில் நிற்கிறவளாகவே சொல்கிறேன். இரண்டாவது படத்தில் இருப்பது, உள்ளே பாகு மாதிரித் திரவம் வைத்த வகை, அதை விட்டுவிடு. சக்கரம் வழுக்கிய பிறகுதான் அதற்குச் சேதி எட்டும், டிராக்கில் நாலு சுற்று ஓடிச் சூடேறினால் தளர்ந்தும் போகும். பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றியது என்றால் அதன் வயதும் யாருக்கும் தெரியாது. முதல் படம், முழுக்கப் பல்சக்கரத்தாலேயே வேலை செய்கிற வகை, நல்ல சாமான். சத்தம் போடாது, அடிக்கடி எண்ணெய் மாற்றச் சொல்லாது, மழையில் தர்ஷினி ஓட்டினாலும் மிரளாது. கரைக்கல்லில் ஏறி ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் மட்டும் சாதாரண டிஃப் மாதிரி ஆகிவிடும், பிரேக் போடும்போது தட்டு வகை அளவுக்கு வாலைப் பிடித்து வைக்காது. தெருவில் அதிகம், டிராக்கில் எப்போதாவது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மூன்றாவது படம் எனக்குச் சிரிப்பாக வந்தது. அதே தட்டு வகை, வேறு கடை! முரளியிடம் போகக் கூடாது என்பதற்காகவே தேடிப் பிடித்தாயா?

என் யோசனை கேட்டால், மாடிப்படிக்கு அடியில் கிடந்ததுதான் உனக்குச் சரி. நீ வளைவுக்குள் கடைசிவரை பிரேக்கில் கால் வைத்திருக்கிறவன், அந்தப் பழக்கத்துக்குத் தட்டுதான் தோது. ஆரம்ப இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கட்டினால் தெருவில் சத்தம் பாதியாகும் என்று முரளி சொல்கிறான். இரண்டு மூன்று டிராக் நாளுக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டால் முதல் படத்தையே எடு, ஒன்றும் குறைந்து போகாது. எதை வேண்டுமானாலும் எடு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயத்தில் எடுக்காதே, அந்தப் பயம் என் பாட்டிலிலிருந்து வந்தது. எதை எடுத்தாலும் முரளிதான் பூட்ட வேண்டும். இது யோசனை இல்லை, அம்மா சொல்கிறேன்.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே. நேராக லாயாங் லாயாங்குக்குப் போ. என்ன பேசுவது என்று யோசிக்காதே, போய் அவன் முன்னால் நின்றால் போதும். திட்டினால் வாங்கிக்கொள். அவன் தோழன் சட்டைக்கு அளவு கொடுக்கவில்லை, அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வா. அதன் பிறகு வீட்டுக்கு வந்து என்னைத் திட்டு, நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். சம்பந்தியிடம் நேற்றே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்ர ஒரு சொல்லுக்காகவோ இவ்வளவும் செய்தனீங்கள்?" என்று கேட்டார். கல்யாணத்தன்று அதே காரில்தான் வருவேன் என்றார். நல்ல மனிதர் தம்பி, நான்தான் அவரைப் பார்த்து வீணாகப் பயந்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று காரை நீயே ஓட்டப் போவதாகச் சொன்னாய். ஓட்டு. சம்பந்தி முன்னால் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். மெர்சிங் கோயில் வாசலில் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்துத் திருப்பு. தட்டைப் பூட்டியிருந்தால் டொக் டொக் என்று கேட்கும், ஊரே திரும்பிப் பார்க்கட்டும், நான் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்குவேன். கிளம்பும் முன்னால் காருக்கு அடியில் படுத்து ஒரு பொட்டு மட்டும் வைப்பேன், கையில் பாட்டில் இருக்காது, அப்பா சாட்சி. முரளியிடமும் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை அதைத் துடைக்க வேண்டாம் என்று.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்
அம்மா